அப்பா கன்னத்தில் கரடி

கழக்கூட்டம் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து வரிசையில் ஒரு கணவன் மனைவி. மனைவியின் மடியில் இரண்டு வயது மகள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அந்த மனிதரின் கன்னத்தில் கரடிப் படம் போட்ட பிளாஸ்திரி இருந்தது.

"இதை இனியாவது எடுக்கட்டா? ஆபீஸ் வரப்போகுது."

"எடுக்காண்டாம். எடுத்தா பிள்ளை அழுவா."

"எனக்குத்தான் காயமே இல்லியே."

"பின்னே, காலையில வண்டிச் சாவியைக் காணலன்னு அந்தக் கத்து கத்தினீங்கல்லா? இவ கீழ விழுந்து கத்தினா நான் பிளாஸ்திரி ஒட்டுவேன். அப்பாக்கும் எங்கயோ வலிக்குதுன்னு நினைச்சிட்டா."

"அது வலி இல்ல, கோபம்னு சொல்லிக் குடுக்கப்பிடாதா?"

"சொன்னேனே. கோபம் எங்க வலிக்கும்னு கேக்கா."

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பிளாஸ்திரியை எடுக்கவில்லை.

அப்போது வழியில் நின்றவர்களைப் பின்னால் நகரச் சொல்லி, "பின்னோட்டு நீங்கி நில்லு!" என்று கண்டக்டர் மலையாளத்தில் அலறினார்.

குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அம்மாவின் கைப்பையைத் திறக்கப் போனது.

"அம்மா, அந்த மாமாக்கும் ஒண்ணு."