ஏணியை எடுத்துவிட்டு மாடி

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர். கண்ணாடிக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஏணியத் தூக்கிப் போட்டுட்டு மாடி ஏறச் சொல்றான்பா நம்ம மேனேஜரு."

"இன்னா ஆச்சு?" என்றார் பக்கத்திலிருந்த தாடிக்காரர்.

"அசெம்ப்ளி லைன்ல கீற கம்ப்யூட்டருக்கெல்லாம் விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போடுறோம்ல? இன்ஸ்டாலர்ல எதத் தூக்கணும், எத புதுசா போடணும்னு லிஸ்ட் அவருதான் எழுதுனாரு. நெட்வொர்க்க மொதல்ல தூக்கிடணுமாம், எவனும் வீடியோ பாக்கக் கூடாதாம்."

"சரி, புதுசா போடுறது?"

"எல்லாம் நெட்லேர்ந்துதான் எறங்கணும். நெட்டு எங்க கீது? அத்தனையும் பாதியில நின்னுகினு கீது. ஞாயித்துக்கிழம பென்டிரைவ எடுத்துகினு ஒவ்வொண்ணா நான்தான் போடணும்."

"அவரு வரலியா?"

"வல்லக்கோட்ட முருகன் கோயிலுக்குப் போறாராம். புது சிஸ்டம் நல்லா ஓடணும்னு அர்ச்சன. பேரு, நட்சத்திரம் ஐயரு கேட்டா என்னுத சொல்லச் சொல்லு. ஓட வெக்கப் போறவன் நான்தான்."