முயலின் வயிற்று முடி

பழங்காநத்தத்தில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த பெண், மடியிலிருந்த கூடையைக் காட்டிப் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "நீளமுடி முயலு, அக்கா. டாக்டர்கிட்ட கொண்டு போறேன். முடி கொட்டுது."

"அழுத்திச் சீவுறியா?"

"சீப்பே வைக்கல. அதுவா வயித்து முடியப் பிடுங்கி மூலையில குவிக்குது."

"வைக்கோலும் கவ்விட்டுத் திரியுதா?"

"ஆமா!"

"அடியாத்தீ, சீக்கே இல்ல! குட்டி போடப் போகுது. அதுக்குத்தான் மெத்தை விரிக்குது!"

"ஐயோ! தினமும் அத நான் அள்ளிட்டேனே!"

"குப்பையிலயா போட்ட?"

"முடியப் போய் குப்பையில போடுவாங்களா? சவுரிக்கு முடி வாங்க வாரவருக்குன்னு, என் முடியோட சேத்துக் கவர்ல வச்சிருக்கேன்."

சொன்னவள் கூடையோடு துள்ளி எழுந்தாள்.

"கண்டக்டர் அண்ணே, நிப்பாட்டுங்க! முடி வாங்குறவரு எங்க தெருவுக்கு இன்னைக்குத்தான் வருவாரு! வீட்டுல அந்தக் கவரத் தூக்கிக் குடுத்துருவாங்க!"