சட்டத்துக்கு வைத்த நேர்த்தி

ஜூன் மாதத்து இரண்டாம் செவ்வாய், காலை. குட்மேய்ஸில் ரயில் ஏறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவரின் கழுத்தில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு சிறிய உள்ளூராட்சிக் கவுன்சிலின் அடையாள அட்டை தொங்கியது.

“அம்மா முருகனுக்கு நேர்த்தி வைச்சிட்டா, அண்ணை. பாராளுமன்றத்தில ஒரு சட்டம் நிறைவேறோணுமெண்டு.”

“சட்டத்துக்கோ? விசாவுக்கு வைச்சதுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறன்.”

“கவுன்சில்களைப் பாதிக்கிற சட்டம் என்ன வருதெண்டு பார்த்து மேல சொல்லுறதுதானே என்ர வேலை. இந்த ஒண்டோட வருசக்கணக்கா மாரடிச்சன். மகன் பாடுபட்டு வேலை செய்யிற சட்டம், அது வெல்லோணுமெண்டு அவ நினைச்சிட்டா.”

“என்ன சட்டம் அது?”

“சின்னக் கவுன்சில்களை மூடிப் பெரிசோட சேர்க்கிறது. எங்கடையும் மூடுது.”

“அப்ப உன்ர வேலை?”

“பெரிசில இந்த வேலைக்கு ஏற்கெனவே ஒராள் இருக்கு.”

ரொம்ஃபோர்டில் கதவு திறந்து மூடியது.

“சட்டம் இப்ப எந்த நிலைமையில நிக்குது?”

“போன கிழமை நிறைவேறிட்டுது.”

“கொம்மாவுக்குச் சொன்னனியே?”

“நிறைவேறினதைச் சொன்னன். சந்தோசத்தில அழுதவ. மிச்சத்தைச் சொல்ல வாய் வரேல்லை.”

“சரி, என்ன நேர்த்தி?”

“காவடி.”

“இந்த வயசில மனுசிக்கு அது ஏலுமே?”

“அவ எடுக்கிறதெண்டு வைக்கேல்லை, அண்ணை. நான் எடுக்கிறதெண்டுதான் வைச்சவ.”