படத்தில் இல்லாத பச்சை

டீச்சர்: வேற படம் குடுங்க சார். பாலம் கட்டற படம் ஒண்ணு காட்டினீங்களே, அது நல்லாத்தானே இருந்துச்சு?

பயிற்சியாளர்: நாளைக்கு வகுப்பு. இப்ப வந்து மாத்தச் சொன்னா எப்படி டீச்சர்?

டீச்சர்: பாலம்னா பசங்களுக்குப் பிடிக்கும்...

பயிற்சியாளர்: இந்தப் பயிற்சிக்குப் பணம் குடுக்கறவங்களுக்குப் பிடிக்கணுமே! நாளைக்கு உங்க வகுப்புல கடைசி பெஞ்சுல உட்காரப் போறாங்க. புத்தகத்தை மூடி வச்சுட்டு, ஒரு பழைய படத்தை வச்சே சரித்திரம் நடத்த முடியும்னு அவங்க கண்ணால பாக்கணும். இல்லன்னா இந்தப் பயிற்சிக்கு மங்களம் பாடிட வேண்டியதுதான்.

டீச்சர்: அந்தப் பாரத்தையும் என் தலையிலயே கட்டுங்க.

பயிற்சியாளர்: பயிற்சிக்கு வந்தவங்கள்ல நீங்கதானே கெட்டி... வாங்க, ஒரு ஒத்திகை பாத்துடலாம். நான்தான் பையன். கேளுங்க.

டீச்சர்: இவ்ளோ வழுக்கையா ஒரு பையனா?

பயிற்சியாளர்: பல தடவை ஃபெயிலான பையன்னு வச்சுக்குங்க.

டீச்சர்: சரி... எழுந்திரு. இந்தப் படத்துல என்ன தெரியுது?

பயிற்சியாளர்: மில்லு தீப்பிடிச்சப்ப எடுத்தது டீச்சர்!

டீச்சர்: அது கீழ எழுதியிருக்கு. உன் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு சொல்லு.

பயிற்சியாளர்: அடடா, இதுதான் வேணும்... ம்... பெரிய கேட்டு. பூட்டியிருக்கு. வெளிய கூட்டம். பின்னால புகை.

டீச்சர்: ஓரத்துல?

பயிற்சியாளர்: ஒரு கை. கை மட்டும்தான்.

டீச்சர்: கையில?

பயிற்சியாளர்: ஒரு பை.

டீச்சர்: ஆமா, பச்சைப் பை. உக்காரு. அடுத்து...

பயிற்சியாளர்: டீச்சர்.

டீச்சர்: என்ன?

பயிற்சியாளர்: இது கறுப்பு வெள்ளைப் படம். பச்சை எங்கேருந்து வந்துச்சு?

டீச்சர்: வாய் தவறிடுச்சு.

பயிற்சியாளர்: பாத்ததை மட்டும் சொல்லு, ஊகத்தைக் கலக்காதேன்னு எனக்கே பாடம் எடுத்தவங்க நீங்க. உங்களுக்கு வாய் தவறாது.

டீச்சர்: பாலத்தையே நடத்திடறேனே சார்... கும்பிட்டுக் கேக்கறேன்.

பயிற்சியாளர்: அந்தப் பையில என்ன இருந்துச்சு?

டீச்சர்: ...சாப்பாடு. அப்பாவுக்கு. தினமும் மத்தியானம் அம்மாவும் நானும்தான் கொண்டு போவோம். அன்னிக்கும் போனோம். கேட்டைத் திறக்கவே இல்ல, அப்பா வெளிய வரவே இல்ல. சாப்பாடு ஆறிப்போச்சு... அம்மா பையைக் கீழ வைக்கவே இல்ல சார். வீட்டுக்கு வந்தும் வைக்கல.

பயிற்சியாளர்: இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்.

டீச்சர்: என்னன்னு சொல்ல? முதல் நாள் நீங்க இதை மேசையில வச்சப்பவே அந்தக் கையில எங்க அம்மாவோட வளையலைப் பாத்துட்டேன். மத்தவங்க எல்லாம் 'யாரோ ஒரு பெண், முகம் தெரியவில்லை'ன்னு எழுதினாங்க. நானும் அப்படியே எழுதினேன். பெத்தவளை யாரோன்னு எழுதினேன் சார்! நாளைக்கு ஒரு பிள்ளை எழுந்து, "இந்தக் கை யாரோடது டீச்சர்"னு கேட்டா... அங்கேயே உடைஞ்சிடுவேன். வந்தவங்க எழுந்து போயிடுவாங்க. உங்க பயிற்சியும் போயிடும். அம்மா போய்ச் சேர்ந்தும் வருஷமாச்சு. அவங்க முகம் இருக்கற படம் ஒண்ணுகூட எங்க வீட்ல கிடையாது. இந்தக் கை மட்டும்தான்... ஆமா, எந்த ஊர்ல பயிற்சி நடந்தாலும் இதையே தூக்கிட்டு அலையறீங்களாமே, எதுக்கு சார்? உங்களுக்கு வேற படமே கிடைக்கலையா?

பயிற்சியாளர்: இதை எடுத்தது எங்க அப்பா டீச்சர். அழற முகம் வேணாம்னு பேப்பர்காரங்க சொல்லிட்டாங்க, அவரே வெட்டிக் குடுத்தார். சாகற வரைக்கும் அந்தக் கைக்கு உரியவங்களைத் தேடினார், அப்புறம் நான்... அந்த முகத்தை ஊரெல்லாம் காட்ட மனசு வரல, இந்தக் கையை டீச்சருங்களுக்குக் காட்டிக்கிட்டே இருந்தா என்னிக்காவது ஒருத்தர் அடையாளம் கண்டுபிடிப்பாங்கன்னுதான். வெட்டின பாதி இதோ, என் பையிலயேதான் இருக்கு. அம்மா முகம் தெளிவா விழுந்திருக்கு... அவங்க இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்க நிக்கறீங்க.