மூன்று தராசுகளில் ஒரு விமானம்

மணி சாயங்காலம் ஏழு. அதிராம்பட்டினத்திலிருந்து உப்பளத்துக்குப் போகும் மண்சாலை. ஒரு விளக்கு கிடையாது. பாத்திகள் மட்டும் இருட்டில் வெள்ளை வெள்ளையாக... வண்டியின் பின்னால் மூன்று எலக்ட்ரானிக் தராசுகளைக் கட்டிக்கொண்டு வீரையன் தனியாகப் போகிறார்.

இதோ உட்கார்ந்திருக்கிறானே அப்சர், இவன் சிநேகிதனுடைய தாய்மாமன்தான் வீரையன். நெல் வியாபாரியிடம் எடை போடுகிறவர். அன்றைக்கு அவர் எடை போடப் போனது நெல்லுக்கு அல்ல. விமானத்துக்கு.

ஜெக்கரியா பாய் துபாயில் விமானங்களைப் பழுது பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தார். அவரை அழைத்துவர மனைவி ரஹ்மத் பீவியும் மகள் ஷமாவும் திருச்சிக்குக் காரில் கிளம்பினார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் கார் கால்வாயில் இறங்கிவிட்டது. இவர் ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளோடு நின்றார்... விடிகிற வரைக்கும்.

அப்புறம் அவர் துபாய்க்குத் திரும்பவில்லை. பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் தன் கையாலேயே ஒரு சின்ன விமானத்தைக் கட்டினார். அவர்கள் பெயரை அதில் எழுதி, ஒரே ஒரு தடவை பறக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

மொத்த எடை நானூறு கிலோவைத் தாண்டினால் அது தரையை விட்டு எழும்பாது. அதனால்தான் தராசு. காற்று அடங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒன்று வைத்தார்கள். வீரையன் மூன்றையும் கூட்டினார். முந்நூற்று எட்டு.

"நெல்லா இருந்தா ஈரம்னு ரெண்டு கிலோ தள்ளிடுவேன், பாய். இதுல எப்படித் தள்ள?"

"ஏரோப்ளேன்லயுமா கை வைப்பீங்க, வீரையண்ணே?"

இருவரும் சிரித்தார்கள். ஜெக்கரியா தன் எடை அறுபத்து நான்கு என்றார், பெட்ரோல் எட்டு. சரியாக இருந்தது. விமானம் தராசிலேயே நிற்க, ஜெக்கரியா பிரஷை எடுத்தார். வீரையன் பீடி பிடிக்க வெளியே போனார்.

திரும்பி வந்தபோது பெயிண்ட் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை... கால்வாய்ச் சேறு. விமானத்தின் பக்கவாட்டில் ஈரம் காயாமல் எழுதியிருந்தது. 'ரஹ்மத், ஷமா நினைவாக.'

வீரையன் தராசுகளைப் பார்த்தார். மறுபடி கூட்டினார். முந்நூற்றுத் தொண்ணூறு.

உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. சொட்... சொட்... என்று சத்தம் மட்டும். டேங்கில் இன்னும் பெட்ரோலே ஊற்றவில்லை.

"எம்பத்திரண்டு கிலோ கூடக் காட்டுது, பாய்."

ஜெக்கரியா பிரஷைக் கீழே வைத்தார். "அவ அம்பத்து நாலு. புள்ள பத்தொன்பது."

வீரையன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். எழுபத்து மூன்று. "மிச்சம் ஒம்பது?"

"தண்ணி."

வீரையன் ஓரடி பின்வாங்கினார். கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டார். ஆனாலும் எடைக்காரர் அல்லவா, கணக்குதான் முதலில் வாயில் வந்தது. "நீங்க ஏறினா நானூறு தாண்டிடும், பாய். பேரை அழிச்சிடுங்க. அவங்க போகட்டும்."

"என்னைக் கூப்பிட வந்து போனவங்க. நான் எப்படி அழிப்பேன்?"

சொல்லிவிட்டு இறக்கையில் கால் வைத்து ஏறினார். உட்கார்ந்தார். இருக்கைத் தோல் முனகவில்லை. சக்கரம் அமுங்கவில்லை.

"எவ்வளவு, வீரையண்ணே?"

சிவப்பு எண்கள் அப்படியே நின்றன. முந்நூற்றுத் தொண்ணூறு. ஒரு ஈ உட்கார்ந்தால்கூட ஆடுகிற தராசுகள் அவை.

உண்மையைச் சொன்னால் விடிந்ததும் பறந்துவிடுவார், இறங்க மாட்டார் என்று வீரையனுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியாவது கீழே இறக்கிவிட வேண்டும்.

"நானூத்தி அம்பத்து நாலு, பாய். எழும்பாது. இறங்கிடுங்க."

உள்ளேயிருந்து பதில் வந்தது. குரலில் கோபம் இல்லை.

"பொய் சொல்லாதீங்கண்ணே. அவங்களை அடக்கம் பண்ணின நாள்லேருந்து எந்தத் தராசும் எனக்கு அசையல."