சமையல்காரியின் குரல்

மாமியார்: ஃபேனை நிறுத்திட்டேன். ஜன்னலும் சாத்தியாச்சு. இன்னும் என்ன, தொண்டையைக் கனைச்சுட்டே இருக்கே?

மருமகள்: ஒரு நிமிஷம் அத்தை... தண்ணி குடிச்சுக்கறேன்.

மாமியார்: இது எத்தனையாவது டம்ளர்! ஒலிப்புத்தகத்துக்கு ஒன்பது பாகம் மளமளன்னு படிச்சுப் பதிவு பண்ணினவ, பத்தாவதுக்கு இப்படி இழுக்கறே. சுத்திக் கம்பளியைத் தொங்கவிட்டு, காதுல இந்த ஹெட்போனையும் மாட்டிக்கிட்டு நான் வெந்துட்டிருக்கேன்.

மருமகள்: நீங்க கேட்டுச் சொல்லலைன்னா எனக்கு வெளியில போற பைக் சத்தமே தெரியாதே...

மாமியார்: பைக் என்ன, உன் வயித்துச் சத்தம்கூட எனக்குத்தான் கேக்குது. ஆரம்பி.

மருமகள்: இன்னிக்கு அந்தச் சமையல்காரி சாகற அத்தியாயம்.

மாமியார்: அப்பாடா! ஒழிஞ்சா.

மருமகள்: அத்தை! அப்படிச் சொல்லாதீங்க.

மாமியார்: பின்னே? கதையில அந்தப் பனிக்கோட்டையில ஒருத்தரை விடாம நச்சரிக்கறா. இளவரசன் வாளை எடுத்துக்கிட்டுக் கிளம்பறான், "சாப்பிட்டுட்டுப் போயேன், போர் என்ன ஓடியா போயிடும்"ங்கறா.

மருமகள்: அதுக்காகத்தான் புஸ்தகமா வாங்கிப் படிச்சவங்க அவளைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடறாங்க.

மாமியார்: நீ படிக்கறதைக் கேக்கறவங்க?

மருமகள்: அவங்களா... "அந்த மூக்கால பேசற கிழவி எப்போ போய்ச் சேருவா"ன்னு கமெண்ட்ல எழுதறாங்க. அதே ஆளு, அதே பேச்சு. குரல்தான்...

மாமியார்: நீ குடுத்த குரல்.

மருமகள்: முதல் பாகத்துல அவளுக்கு ரெண்டே வரி, அத்தை. சும்மா வந்துட்டுப் போறவன்னு நெனச்சு, வாயில வந்த குரலைப் போட்டுட்டேன். எல்லாரும் தப்பிக்கறதுக்காக அவதான் கடைசியில தனியா நின்னு கோட்டைக் கதவைத் தாங்கப் போறான்னு நான் என்ன கனவா கண்டேன்?

மாமியார்: முழுசாப் படிச்சுட்டுக் குரல் குடுத்திருக்கணும்.

மருமகள்: எழுதினவரே அப்போ முழுசா எழுதல!

மாமியார்: சரி, சரி... கத்தாதே. தொண்டை கட்டிக்கும்.

மருமகள்: அதான் பதிப்பகத்துல பேசிட்டேன். இன்னிக்குக் குரலை மாத்தப் போறேன். கனமா, கனிவா... நல்ல குரலா. அவ சாகறப்போ கேக்கறவங்க அழணும். அழலைன்னா இத்தனை வருஷம் நான் உயிரைக் குடுத்துப் படிச்சதுக்கே அர்த்தமில்லை.

மாமியார்: மாத்தக் கூடாது.

மருமகள்: என்னது?

மாமியார்: சாகப் போறோம்னா யாருக்காவது குரல் மாறுமா? அதே குரல்ல படி.

மருமகள்: அவளைக் கண்டாலே ஆகாதுன்னு இப்பதானே...

மாமியார்: ஆகாதுதான். அதுக்காக ஆளையே மாத்திடுவியா?

மருமகள்: சிரிப்பாங்க அத்தை! "நீ ஓடு, கதவை நான் பாத்துக்கறேன்"னு மூக்கால சொன்னா சிரிக்காம என்ன செய்வாங்க?

மாமியார்: சிரிக்கறவன் சிரிக்கட்டும். எல்லாருமா அவளைத் திட்டறாங்க?

மருமகள்: ஒருத்தரைத் தவிர. "பனிக்கரடி"ன்னு பேர் வச்சுக்கிட்டு எழுதறார். பெரிய தாடியெல்லாம் வச்சிருப்பார்னு நெனைக்கறேன். ஒவ்வொரு பாகம் வந்ததும் அவளுக்காகச் சண்டைக்கு நிக்கறார்.

மாமியார்: என்னவாம்?

மருமகள்: "அவ நச்சரிக்கறதுதான் உங்க காதுல விழுது. எல்லாரும் தின்னு முடிச்ச பிறகுதான் அவ தன் தட்டை எடுக்கறா, அது விழலையா"ன்னு கேட்டார். திரும்பப் புரட்டிப் பாத்தேன்... நிஜம்தான். வாய்விட்டுப் படிச்ச எனக்கே தெரியல.

மாமியார்: ம்... விவரமான கரடிதான்.

மருமகள்: ஆனா ஒரு கரடிக்காக வேலையைக் கெடுத்துக்க முடியுமா? மாத்தித்தான் படிப்பேன். முடிவு பண்ணிட்டேன்.

மாமியார்: நானும் முடிவு பண்ணிட்டேன். இந்தா ஹெட்போன். வேற ஆளைப் பாத்துக்கோ.

மருமகள்: ஐயோ, உக்காருங்க அத்தை... ஏன் இப்படி அடம் பிடிக்கறீங்க?

மாமியார்: நீ ஏன் இப்படிப் பயப்படறே? சிரிப்பாங்கங்கறது மட்டும்தான் காரணமா?

மருமகள்: அது... வேணாம் அத்தை, விடுங்க.

மாமியார்: வாயைத் தொறந்து சொல்லு.

மருமகள்: அந்தக் குரலைச் சாகடிக்க என்னால முடியல. காலையில ஒத்திகை பாத்தேன்... பாதியில அழுகை வந்துடுச்சு. எனக்குத் தாங்கல அத்தை.

மாமியார்: அவ்வளவு ஒட்டிக்கிச்சா அந்த மூக்குக் குரல்?

மருமகள்: கேக்காதீங்க... முதல் பாகம் படிச்சப்போ நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசு. உங்க மேல எனக்கு அப்போ கொஞ்சம்... அதனால அந்தக் குரல் வந்து...

மாமியார்: என்னோடது. முதல் நாளே தெரியும். ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தவளுக்குத் தன் குரல் தெரியாதா? அன்னிக்கு வலிச்சுது, இல்லைங்கல. உன் முன்னாடி அவளைத் திட்டினதெல்லாம், எப்பவாவது அவளுக்குப் பரிஞ்சு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பாக்கத்தான். இன்னிக்கு வரைக்கும் நீ சொல்லல. சரி, நமக்கு நாமே பேசிக்குவோம்னு பனிக்கரடின்னு பேர் வச்சுக்கிட்டேன். இத்தனை வருஷம் திட்டு வாங்கினது நான். கதவைத் தாங்கற நேரத்துல மட்டும் வேற எவளோ நல்ல குரல்ல வந்து பேர் வாங்கிட்டுப் போறதா? கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் படிம்மா... என் குரல்லயே படி.