வடிந்ததா, வழிந்ததா

சாட்சி சிறுமி என்பதால் பெயர் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளது. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு மாணவி. தந்தை சாலைப் பராமரிப்புப் பிரிவில் தற்காலிக ஊழியர். தாய் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். முகவரி: கடலோரச் சாலை, தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம், வலைக்கிடங்கின் பின்வரிசையில் கடைசி வீடு. அந்த வீட்டில் இப்போது இருக்க முடியாததால் என் பள்ளிக்கூடத்திலேயே, என் வகுப்பறையிலேயே தங்கியிருக்கிறோம். அம்மா உடனிருக்க, யாரும் சொல்லிக்கொடுக்காமலும் மிரட்டாமலும் நான் சொல்வது:

புயல் கரையைக் கடந்த மறுநாள், எங்கள் பகுதிக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் சாலை மூடப்பட்டது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரியிலிருந்து வரும் ஓடை என்பதால் எங்களுக்கு வேறு சாலை கிடையாது. பாலத்தின் இந்த முனையில் இரும்புக் குழாயால் ஒரு தடுப்பு உண்டு. அதைக் கயிறு கட்டி இறக்கி வைத்து, வண்டி எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை என் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது. மேலே ஏரி மதகில் ஒரு காவலாளி இருக்கிறார். எல்லாரும் அவரை மதகுக்காரர் என்பார்கள், நான் மதகு மாமா என்பேன். ஏரியின் நிலவரத்தை அவர் போனில் சொல்ல வேண்டும், அப்பா அதைத் திரும்ப ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு அதன் பிறகுதான் தடுப்பைத் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இது உனக்கு எப்படித் தெரியும் என்று, இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி கேட்டார். அப்பா அம்மாவிடம் போனில் இதை விளக்கிச் சொன்னபோது பக்கத்தில் இருந்தேன்.

அம்மா அப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். புயலுக்கு முன்பு வேலைக்குப் போனவர், சாலை மூடியதால் திரும்ப முடியாமல் மருத்துவமனையிலேயே தங்கி, சலவைத்துணி மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக் கதவு தண்ணீரில் உப்பிச் சாத்த முடியாமல் போனதாலும், வகுப்பறையில் முன்பின் தெரியாதவர்கள் பலர் இருந்ததாலும், என்னைத் தனியே விட மனமில்லாமல் அப்பா தினமும் தடுப்புக்குக் கூட்டிப்போனார். நான் ஒரு வெற்றுப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, பள்ளி நூலகத்தில் நனைந்துபோன புத்தகங்களை ஒவ்வொரு தாளாக ஸ்கேலால் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். இது வழக்குக்குத் தேவையா என்று அதிகாரி கேட்டார். அப்பாவின் போன் எனக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதற்கு இது தேவை.

அந்த போன் மழையில் நனைந்ததில், காதில் வைத்தால் எதுவும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் கேட்கும். சிக்னலும் கொஞ்சம் உயரத்தில்தான் கிடைத்தது. அதனால் அப்பா அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டுத் தடுப்புத் தூணில் தொங்கவிட்டிருந்தார். என் வாளி அந்தத் தூணுக்குக் கீழே இருந்தது.

தடுப்புக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாரும் அப்பாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எப்பண்ணே தொறப்பீங்க?" முதலில் அப்பா காரணத்தோடு பதில் சொன்னார். பிறகு "தண்ணியக் கேளுங்க" என்றார். அதற்கும் பிறகு கையை மட்டும் காட்டினார். வரிசையில் முதலில் நின்றது ரொட்டி வேன். அதன் ஓட்டுநரை எங்கள் பக்கம் ஹாரன் அண்ணன் என்பார்கள். தெருவில் நாய் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிப்பார். நல்லவர். விற்க முடியாமல் காய்ந்துபோன ரொட்டிகளை வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

மதகு மாமா தினமும் போன் செய்தார். புயலன்று மதகு அறைக்குள் தண்ணீர் புகுந்ததில், தம்ளரில் ஊறப்போட்டிருந்த அவருடைய பல்செட் தம்ளரோடு போய்விட்டது. அதனால் அவர் பேசுவது குழறலாக இருந்தது. "பல்லு போனா சொல்லு போச்சு, சும்மாவா சொன்னாங்க!" என்று ஹாரன் அண்ணன் சிரிப்பார். அப்பாகூடச் சிரித்தார். மதகு மாமா ஒவ்வொரு முறையும் "இன்னும் வடியலண்ணே" என்பார். அப்பா "வடியலயா?" என்று திருப்பிக் கேட்பார். அவர் "வடியல வடியல" என்பார். வேறு எந்தச் சொல் குழறினாலும் அந்த 'டி' மட்டும் தெளிவாக விழும். இதை அதிகாரி அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

சம்பவம் நடந்த அன்று காலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது, ஓரக் கற்களின் வெள்ளைப் பட்டைகள் எல்லாம் தெரிந்தன. அப்போது போன் அடித்தது. அப்பா பையோடு அழுத்தினார். இரைச்சலுக்கு நடுவில் மதகு மாமாவின் குரல், "அண்ணே" என்று ஆரம்பித்து ஒரே ஒரு சொல் சொன்னது. அவர் அடுத்ததைச் சொல்வதற்குள் ஹாரன் அண்ணன் வேனிலிருந்து தலையை நீட்டி, "வடிஞ்சிடுச்சாம்! அதான் வடிஞ்சிடுச்சுங்கிறாரே, தூக்குண்ணே!" என்று கத்தி ஹாரனை அமுக்கினார். பின்னால் நின்றவர்களும் அமுக்கினார்கள். யாரோ கை தட்டினார்கள். அப்பா போனைப் பார்த்து, "திரும்பச் சொல்லுய்யா" என்றார். போனில் குரல் இருந்தது, ஆனால் அப்பாவுக்குக் கேட்டிருக்க வழியில்லை. தூணுக்குக் கீழே இருந்த எனக்குக் கேட்டது. "புள்ளைய வீட்டுக்கு அனுப்பிடுண்ணே" என்றது. அதன் பிறகு லைன் அறுந்தது. தூறலில் நனைகிறேன் என்று சொல்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

அப்பா மறுபடி போன் செய்து பார்த்தார், போகவில்லை. பாலத்தைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன், ஏனென்றால் அம்மா வந்துவிடுவார் என்று நினைத்தேன். அப்பா கயிற்றை அவிழ்த்துத் தடுப்பைத் தூக்கினார்.

ரொட்டி வேன் பாதிப் பாலம் போயிருக்கும். ஏரிப் பக்கத்திலிருந்து தண்ணீர், பாயைச் சுருட்டிக்கொண்டு வருவதுபோல வந்தது. வேனைப் பக்கவாட்டில் தள்ளி ஓரக் கற்களின் மேல் சாய்த்தது. அப்பா உடனே தடுப்பை இறக்கி இரண்டாவதாக நின்ற லாரியை நிறுத்தினார். அதன் பிறகு தடுப்புக் கயிற்றை உருவி ஒரு முனையை லாரிக்காரரிடம் கொடுத்து, மறு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். ரொட்டி பாக்கெட்டுகள் எங்கள் பக்கம் மிதந்து வந்தன. வேனின் ஹாரன் தண்ணீருக்குள்ளும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது. ஹாரன் அண்ணனை இழுத்து வந்து கிடத்தியபோது அவருடைய கால் திரும்பியிருந்தது. அவர் அப்பாவிடம், "அண்ணே, ரொட்டி எல்லாம் நனைஞ்சிடுச்சுண்ணே" என்றார். அப்பா, "சரிடா, சரிடா" என்றார்.

விசாரணையில் அப்பாவும் ஹாரன் அண்ணனும், மதகுக்காரர் 'வடிஞ்சிடுச்சு' என்று சொன்னதாகவே கூறியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் கேட்டதாக நம்புகிறார்கள். இரண்டு பேர் சொன்னது ஒன்றாக இருந்ததால் மதகு மாமாவை வேலையிலிருந்து நிறுத்தி, மதகுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அப்போது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தண்ணீர் உண்மையில் வடிந்து அம்மா திரும்பி வந்த பிறகு ஒருநாள், மதகு மாமா எங்கள் வகுப்பறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "அண்ணே, ஏரி வழிஞ்சிடுச்சு, ஆளை விடாதேன்னு சொல்லத்தானே போன் போட்டேன். வழிஞ்சிடுச்சுன்னுதானே சொன்னேன்?" என்று கேட்டார். அப்பா, "என் காதுல அப்படி விழலையேய்யா" என்றார். அதன் பிறகு அவர் போய்விட்டார்.

அவர் வாசலில் சொன்ன சொல்லும், அன்று போனில் கேட்ட சொல்லும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. 'டி' சொன்னால் நாக்கு மேலே ஒருமுறை தட்டும். 'ழி' சொன்னால் தட்டாது. வடியல, வடியல என்று அவர் தினமும் சொன்னபோது தட்டியது. அன்று போனில் தட்டவில்லை. நான் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தேன். "என்னடி முணுமுணுக்கிறே, பரீட்சையா?" என்று அம்மா கேட்டார். மேலும், தண்ணீர் வடிந்திருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்க மாட்டார்.

இதை முதலில் அப்பாவிடம்தான் சொன்னேன். அவர் ஒரு குச்சியால் பூட்ஸில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சுரண்டினார். "அப்ப அவன் மேல தப்பு இல்ல" என்றார். நான், "இல்லப்பா" என்றேன். "திரும்பக் கேக்காம தூக்கினது நான்" என்றார். அதன் பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

சாலை திறந்த பிறகு வந்து எங்களோடு தங்கியிருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, இதைக் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு எழுத்துடி. அதுக்காகப் பெத்தவன் சோத்துல மண்ணு போடுவியா?" என்றார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "அவளை விடுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னார். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார்.

இதனால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என அதிகாரி என்னிடம் கேட்டார். தெரியும். இந்த மழைக்காலம் முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்குவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். இன்று எங்களை இங்கே கூட்டிவந்தவர் அப்பாதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது வேறு கோப்பில் இருக்கிறது, இதில் வேண்டியதில்லை என்று அதிகாரி சொன்னார். இதிலும் எழுதுங்கள் சார் என்று கேட்டேன். எழுதினார்.

மேலே கண்டவை நான் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன, பிறகு நானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். என் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் தவிர இதில் வேறு இல்லை.

சாட்சி கையொப்பம்.
உடனிருந்த தாயார் கையொப்பம்.

திருத்தம்: மதகுக்காரர் வகுப்பறை வாசலில் சொன்ன இடத்தில் 'ஏரி வடிஞ்சிடுச்சு' என்று முதலில் எழுதப்பட்டிருந்தது, சாட்சி சுட்டிக்காட்டியதன் பேரில் 'ஏரி வழிஞ்சிடுச்சு' என்று ஓர் எழுத்து மாற்றப்பட்டது. மாற்றிய இடத்தில் சாட்சியும் தாயாரும் சுருக்கொப்பம் இட்டுள்ளனர்.